ஆறாவது வாரத்து முடி

பினாங்கின் பாயான் பாருவில் என் சலூன் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். ஷட்டரை ஏற்றும்போதே வாசலில் யாராவது ஒருவர் நின்றுகொண்டிருப்பார். நைட் ஷிப்ட் ஏழு மணிக்கு முடிந்து, எங்கோ ரொட்டி சானாய் பசியாறிவிட்டு, வீட்டுக்குப் போனால் தூங்கிவிடுவோம் என்று பயந்து நேராக இங்கே வந்தவர். நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தலை சாயும். தூங்குகிறவர் தலையில் முடி வெட்டுவது தனி வித்தை. எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழ் வகுப்பில் அதைச் சொல்லித் தரவில்லை.

அதனால் தூங்குவதற்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவேன். கைப்பேசியில் படம் காட்டுவார்கள், பார்ப்பேன். பிறகு என் கேள்விகள் வரும். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க? ஃபேக்டரி பஸ்ஸா, மோட்டாரா? தினமும் தலை குளிப்பீங்களா? எண்ணெய் வைப்பீங்களா? கடைசியாக, "வேலைக்குப் போறப்ப எப்படிக் கட்டுவீங்களோ அப்படியே இப்பக் கட்டிக் காட்டுங்க" என்பேன். கை போகிற போக்கிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு நிமிடத்தில் சுருட்டிச் செருகுகிறவருக்கு, சீப்பும் சூடும் கேட்கிற வெட்டை வெட்டிக் கொடுத்தால் அது நான் அவருக்கு ஏற்றிவிடுகிற வேலை.

பக்கத்தில் இருக்கிற பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972ல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை அங்கே போகிற பெண்கள் பலரின் தலைமுடி ஒரு தொப்பிக்குள் அடங்கியாக வேண்டும். மின்னணு சிப் செய்கிற, தூசி புகாத கிளீன்ரூமில் கண் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு வெள்ளை உடை. அதற்குப் பெயர் 'பன்னி சூட்'. முயல் என்ற அர்த்தத்தில் வைத்த பெயராம். நம் ஆட்கள் காதில் அது எப்படி விழும் என்று சொல்லவே வேண்டாம், சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அந்த உடையின் தலைமூடிக்குள் முடிவலை, வலைக்குள் முடி, பன்னிரண்டு மணி நேரம்.

இதை நான் புரிந்துகொண்டது ஒரு வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கித்தான். முகத்தைச் சுற்றி லேயர் வெட்டிவிட்டிருந்தேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரமே திரும்பி வந்தார். "அக்கா, இந்த முன்னாடி முடி வலைக்குள்ள நிக்க மாட்டேங்குது. உள்ள போனப்புறம் கண்ணைக் குத்துது. தொட முடியாது. தொடணும்னா வெளிய வந்து எல்லாத்தையும் கழட்டி மறுபடி மாட்டணும்." அன்றைக்கே ஒரு பாக்கெட் முடிவலை வாங்கி மேசை டிராயரில் போட்டேன். இப்போது கிளீன்ரூம் ஆள் என்றால், வெட்டு முடிந்ததும் வலையை மாட்டிக் குனியச் சொல்வேன், நிமிரச் சொல்வேன். எந்த முடி நழுவுகிறதோ அதை இனி வளர விட வேண்டும் என்று அடுத்த முறைக்குக் குறித்து வைப்பேன். முன்முடி காதைத் தாண்டிப் பின்னால் ரப்பர் பேண்டுக்குள் எட்ட வேண்டும், அதுதான் அளவு. உச்சியில் கொண்டை போட்டால் தலைமூடி தள்ளும், பிடரியில் தாழக் கட்டினால் தள்ளாது. இறுக்கிக் கட்டியே பழகியவர்களுக்கு நெற்றிப்பொட்டில் முடி மெலிந்திருப்பதையும் பார்க்கிறேன். லீவு நாளிலாவது அவிழ்த்துப் போடுங்கள் என்று கெஞ்சுவேன்.

நான் தொழில் கற்றது ஒரு சீன தவுக்கேயின், அதாவது முதலாளியின், சலூனில். நேர்முடிக்கு அவர் கை தெய்வக் கை. நனைத்து, சீப்பால் இழுத்து, ஒரே கோடாக வெட்டுவார். அதையே நானும் பிடித்துக்கொண்டேன். முதன்முதலாக ஒரு சுருட்டை முடித் தங்கச்சி வந்தபோதும் நனைத்து இழுத்து, புருவத்துக்குச் சரியாக முன்முடியை வெட்டினேன். ஈர முடி இழுத்தால் நீளும், சுருட்டையோ காய்ந்தால் இன்னும் ஏறும். காய்ந்தபோது அது நெற்றி நடுவில் நின்றது. அந்தப் பெண் அழவில்லை. "பரவால்லக்கா" என்று சொல்லிக் காசு கொடுத்துவிட்டுப் போனது. திரும்பி வரவே இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதன் பிறகு சுருட்டை முடியைக் காய்ந்த நிலையிலேயே, ஒவ்வொரு சுருளாகப் பார்த்துத்தான் வெட்டுகிறேன். நேரம் இரண்டு மடங்கு ஆகும். இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிட்டேன். முதல் தடவை வருகிறவருக்கு பிரஷ் வைத்து ஊதி நேராக்கி அனுப்புவதில்லை. சூட்டில் நேராகிற முடி, ஏர்கோன் அறையில்தான் நேராக இருக்கும். முடிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டால் அவிழ்ந்துகொள்ளும். பினாங்கின் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? கார் பார்க் போய்ச் சேருவதற்குள் பழைய வளைவு வந்துவிடும். அந்த வளைவோடுதான் என் வெட்டு ஒத்துப்போக வேண்டும். ஊதிவிடுவதற்குத் தனிக் காசு உண்டு, அது எனக்கு நட்டம்தான். தவுக்கே கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வளரும். ஆறு வாரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் என்று வையுங்கள். தோள் வரை இருக்கும் முடியில் அது கண்ணுக்கே தெரியாது. புருவத்தில் நிற்கும் முன்முடியில் அது கண்ணுக்குள் இறங்கிவிடும். கட்டையாக வெட்டிய பிடரியில் காலரைத் தொட்டுக்கொண்டு கிளம்பும். ஓவர்டைம் பார்க்கிற பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வர எங்கே நேரம்? அதனால் வெட்டும்போது ஆறாவது வாரத்தை மனதில் வைத்துத்தான் வெட்டுவேன். முதல் நாள் கொஞ்சம் சாதாரணமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

பையன்களுக்குச் சுழிதான் பிரச்சினை. இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு கல்யாணம் என்று கூட வந்த பாட்டி சொல்லுவார், பையன் வெட்கப்படுவான். எனக்கோ அந்த இடத்தில் முடியைக் கட்டையாக வெட்டினால் முள் மாதிரி நிற்குமே என்ற கவலை. தன் கனத்தில் தானே படியும் அளவு விட்டுவிட்டால், ஹெல்மெட் கழற்றிய பிறகும் கையால் தடவினால் போதும்.

பிள்ளை பெற்று மூன்று நாலு மாதமான தாய்மார்கள் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது என்று பயந்து வருவார்கள். "எல்லாத்தையும் வெட்டிடுங்க" என்பார்கள். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்துவிடும் என்று சொல்லி, தோளோடு நிறுத்துவேன். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது ஒரு கையால் கட்டக்கூடிய முடி. மற்றொரு கையில் பிள்ளை இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கடை அடைப்பு. செவ்வாய், வெள்ளியில் நம் ஆட்கள் முடியில் கை வைக்க விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமையை சீன வாடிக்கையாளர்கள் காப்பாற்றிவிடுகிறார்கள்.

போன வாரம் வந்த ஒரு தங்கச்சி வழக்கம்போலத் தூங்கிப்போனாள். வெட்டி முடித்து, முடியைத் தாழக் கட்டி, வலையை மாட்டிப் பார்த்தேன். ஒரு முடிகூட நழுவவில்லை. மெதுவாகத் தோளைத் தட்டினேன். கண்ணைத் திறந்து, கண்ணாடியில் வலை மாட்டிய தன் தலையைப் பார்த்தவள் பதறி எழுந்தாள்.

"ஐயோ அக்கா, ஷிப்டு ஆரம்பிச்சிருச்சா?"