மாலை 7.30 மணிக்குத் திரை உயரும் வீடுகளில்

லண்டனின் நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்ட் பகுதியில், ஒரு நாடகத்தை வாரத்துக்கு 8 காட்சிகள் நடத்துவது வழக்கம். மாலை 7.30க்குக் காட்சி என்றால் நடிகர்கள் 35 நிமிடங்கள் முன்பே அரங்கில் இருந்தாக வேண்டும் என்பதால், குழந்தைக்கு உணவூட்டித் தூங்கவைக்கும் நேரம் முழுவதும் தொழிலுக்கே போய்விடுகிறது. குழந்தைக் காப்பகங்களும் அந்நேரத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும். இதற்காகவே 2015இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட, நிகழ்த்துகலைத் துறையில் உள்ள பெற்றோருக்கான 'பிபா' (PiPA) அமைப்பின்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பெற்றோரோடு, முதியோரையும் நோயுற்றோரையும் வீட்டில் பராமரிப்பவர்களையும் அது சேர்த்தே எண்ணுகிறது, அதுதான் நியாயம். இவர்களின் சுமையைக் குறைக்க, ஒரே வேலையை இருவர் பகிர்ந்துகொள்ள விடுவதற்குக் கூடுதல் செலவாகலாம். ஆனால் ஒத்திகை அட்டவணையை முன்கூட்டியே தருவதற்கு என்ன செலவு? முந்தைய இரவு வந்துசேரும் அட்டவணையை வைத்துக்கொண்டு, விடிவதற்குள் எந்தத் தாயால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட முடியும்?