சரிவில் குறையில்லை, மரம்தான் வரவில்லை

மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரி எடுத்து முடித்து மூடிய ஒரு மலைச்சரிவில், மண்ணின் இறுக்கம் பார்க்கும் இரும்புக் கம்பியை ஓங்கிக் குத்தினேன். இரண்டு விரற்கடை இறங்கியதும் கம்பி எகிறிக் கை அதிர்ந்தது. மேலே இடுப்பளவு புல், அடியில் சாலை போட்டதுபோல் இறுகிய தரை. ஆவணப்படி அந்தச் சரிவில் ஒரு குறையும் இல்லை.

அமெரிக்காவில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுமதி கேட்பவர், நிலத்தை எப்படித் தோண்டுவார் என்பதோடு எப்படி மீட்டுத் தருவார் என்பதையும் விண்ணப்பத்திலேயே காட்டியாக வேண்டும். அதிபர் ஃபோர்டு இருமுறை தடுத்த பிறகு, 1977 ஆகஸ்ட் 3 அன்று கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இது. பொதுவிதி இதுதான்: நிலம் ஏறத்தாழப் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும், வெட்டி நிற்கும் பாறைச்சுவரும் மண்மேடுகளும் மறைய வேண்டும், சுற்றியுள்ள நீர்ப்போக்கோடு சரிவு இணைய வேண்டும். 20 டிகிரிக்கு மேற்பட்ட சரிவென்றால், தோண்டிய மண்ணையும் பாறையையும் கீழே உருட்டிவிட முடியாது. நிரப்பிய சரிவைத் தாங்கும் வலு, அதைச் சரியவைக்கும் விசையைப்போல் 1.3 மடங்காவது இருக்க வேண்டும். மலையுச்சியையே எடுப்பவர்களுக்கு விலக்கு உண்டு, அது தனிக்கதை.

சிக்கல், சரிவு சரியாமல் நிற்கவேண்டிய இந்த உறுதியைப் புரிந்துகொண்ட விதத்தில்தான் வந்தது. பழைய மண்சரிவுகளைக் கண்டு அஞ்சிய அரசு ஆய்வாளர்கள் வழுவழுப்பான சரிவை விரும்ப, நிறுவனங்கள் புல்டோசரை மேலும் கீழும் ஓட்டி வழித்துவிட்டு, சீக்கிரம் முளைக்கும் புல்லை அடர்த்தியாக விதைத்தன. நிலத்தை மீட்டுத் தருவதற்கு ஈடாக நிறுவனம் முன்கூட்டியே கட்டும் பிணைத்தொகையில் 60 விழுக்காடு வரை, நிரப்பிச் சீராக்கி வடிகால் அமைத்ததுமே விடுவிக்கப்படலாம். எஞ்சியதை முழுதாகப் பெற, பசுமை நிலைக்கிறது என்று மழை மிகுந்த பகுதியில் 5 ஆண்டும், ஆண்டுமழை 26 அங்குலத்தைத் தாண்டாத இடத்தில் 10 ஆண்டும் காட்ட வேண்டும். புல்லைக்கொண்டு அதைக் காட்டிவிடலாம். ஓக் மரத்தின் வேர்தான் அந்தத் தரையில் நுழையாது.

2004-இல், மேற்கு வர்ஜீனியாவும் அடங்கிய அப்பலாச்சிய மலைப்பகுதியில் தொடங்கிய காடு மீட்பு முயற்சி இதைத் தலைகீழாக்கியது. அடிநிரப்பை இறுக்கிக்கொள்ளலாம்; மேல் 4 அடியை மட்டும் பொலபொலவென்று விட்டுவிட வேண்டும், புல்லையும் குறைவாகவே விதைக்க வேண்டும். அப்படி விட்ட சரிவு முதல் ஆண்டில் பாதியில் போட்ட வேலைபோலக் கரடுமுரடாகத் தெரியும். ஆனால் அந்த மேடுபள்ளங்களில்தான் மழைநீர் நின்று உள்ளே இறங்குகிறது. உழாத நிலத்தில் விதைக்கக் கூடாது என்பதை ஒரு துறை இவ்வளவு தாமதமாகக் கற்றதே என்று எனக்குச் சற்றுச் சிரிப்பும் வந்தது.

அதனால்தான், திட்ட வரைபடத்தில் சரிவின் கோணத்தைக் குறிக்கும் இடத்தில், மேல்மண்மீது புல்டோசர் எத்தனை முறை ஏறலாம் என்பதையும் எழுதச் சொல்கிறேன்: எடை குறைந்த வண்டி, ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை.