தேவதூதனின் இடது கை

வேலைக்குச் சேர்ந்த ஏழாவது மாதம் ஒரு தேவதூதனின் இடது கையை அழித்துவிட்டேன்.

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில், பழைய வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைச் சீராக்கும் சிறு பட்டறை எங்களுடையது. அந்த ஜன்னல் 1870களில் கட்டிய ஒரு கிராமத்துத் தேவாலயத்திலிருந்து வந்திருந்தது. கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருக்கும் ஈயப் பட்டைகள் தளர்ந்து, கண்ணாடி வயிறு தள்ளி நின்றது. விளக்கு மேசையில் கிடத்தி, மெல்லிய தூரிகையால் தூசி தட்டினேன். பிறகு மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, தாது நீக்கிய நீரில் லேசாக நனைத்து ஒற்றினேன். பஞ்சு பழுப்பாக வந்தது. மெழுகுவத்திப் புகையும் நிலக்கரிப் புகையும் சேர்ந்த அழுக்கு. அடுத்த பஞ்சு கறுப்பாக வந்தது. அங்கேயே கையை எடுத்திருக்க வேண்டும். இன்னும் ஒரு முறை ஒற்றினேன். மூன்று விரல் கணுக்கள் போய்விட்டன.

இந்தக் கண்ணாடியில் சிவப்பும் நீலமும் தீட்டியவை அல்ல. உலையில் உருக்கும்போதே உலோக ஆக்சைடு சேர்த்து நிறம் ஏற்றுகிறார்கள். நீலத்துக்குக் கோபால்ட். வெள்ளிக் கலவையைப் பின்புறம் பூசிச் சுட்டால் மஞ்சள் ஊறும். ஓவியர் கையில் மிஞ்சுவது கறுப்பு மட்டும்தான். இரும்பு ஆக்சைடையும் கண்ணாடித் தூளையும் கோந்தில் குழைத்துக் கோடு இழுப்பார். மேலே மெல்லிய பூச்சு ஒன்று கொடுப்பார். அது காய்ந்ததும் விறைத்த தூரிகையாலும் ஊசியாலும் சுரண்டிச் சுரண்டி வெளிச்சத்தை உள்ளே விடுவார். கன்னத்தின் மேடு, இமையின் மடிப்பு, நகத்தின் ஓரம் எல்லாம் அப்படிப் பிறந்தவை. பிறகு சூளையில் சுமார் 650 டிகிரியில் சுட்டால் பூச்சு கண்ணாடியோடு உருகிப் பிடிக்கும், நூற்றாண்டுகள் நிற்கும்.

நிற்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் சில பட்டறைகள், குறைந்த சூட்டிலேயே பூச்சு உருகட்டும் என்று வெண்காரம் (போராக்ஸ்) சேர்த்தன. வெண்காரத்துக்கு ஈரம் ஆகாது. குளிர்காலத்தில் ஜன்னலின் உட்புறம் வியர்க்கும்போதெல்லாம் கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அந்தக் காலத்தின் பெயர்பெற்ற வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் நிறுவனம் செய்த ஜன்னல்களிலேயே இப்படி முகம் வெளிறிப்போனவை உண்டு. நான் தொட்டதும் அப்படிப்பட்ட பூச்சு. தொடும் முன் உருப்பெருக்கியில் பார்த்திருந்தால் செதில் எழும்பியிருப்பது தெரிந்திருக்கும்.

மேற்பார்வையாளர் அம்மையார் நெடுநேரம் குனிந்து பார்த்தார். கோபப்படவில்லை. "அறிக்கையில் எழுது. எந்தத் துண்டு, எத்தனை மில்லிமீட்டர், யார் கையால் என்று எழுது" என்றார். என் பெயரை எழுதினேன். பிறகு, "சனிக்கிழமை பர்மிங்ஹாம் போய் வா. பைனாகுலர் எடுத்துக்கொள்" என்றார்.

அங்கே புனித பிலிப் பேராலயத்தில் ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த நான்கு ஜன்னல்கள் இருக்கின்றன. அவர் அந்த ஊரில் பிறந்தவர், அந்த ஆலயத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர். கிழக்கே விண்ணேற்றம் 1885இல் வந்தது; 1887இல் பிறப்பும் சிலுவைப்பாடும். மேற்கே இறுதித் தீர்ப்பு, 1897. அதற்கு முந்தைய ஆண்டே மாரிஸ் இறந்திருந்தார்; அடுத்த ஆண்டு பர்ன்-ஜோன்ஸும் போனார். அந்தச் சிவப்பைப் பார்த்துப் பேச்சற்று நின்றேன். மேலே தேவதூதர் கூட்டம், கீழே நடுங்கும் மனிதர், இடையே இடிந்து சரியும் நகரம். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுமுன் இவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். ஆலயம் எரிந்தது, ஜன்னல்கள் பிழைத்தன.

பைனாகுலரில் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பர்ன்-ஜோன்ஸ் கொடுத்தது காகிதத்தில் ஓவியம். அதைக் கண்ணாடியில் ஒவ்வொரு இமையாக இழுத்தவர்கள் மாரிஸ் நிறுவனத்துப் பட்டறை ஓவியர்கள். அவர்கள் பெயர் ஜன்னலில் இல்லை. நான் அழித்த மூன்று கணுக்களும் அப்படி ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தவைதானே என்று அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

விக்டோரியா காலக் கண்ணாடியை 'கண்ணைக் குத்தும் நிறம்' என்று ஒதுக்கிய தலைமுறை ஒன்று உண்டு. அது அநியாயம். சார்ல்ஸ் வின்ஸ்டன் என்ற வழக்கறிஞர் இடைக்காலக் கண்ணாடியின் அழகு எதில் இருக்கிறதென்று தேடி, துண்டுகளை வேதியியல் சோதனைக்கு அனுப்பினார். தொழில் எதுவாயிருந்தாலும் மனசு அதில் கிடந்தது. 1850களில் லண்டன் வைட்ஃப்ரையர்ஸ் கண்ணாடி உலையில் இடைக்காலக் கண்ணாடியின் தடிப்பும் குமிழியும் மீண்டும் வந்ததற்கு அவர் பிடிவாதம் முக்கியக் காரணம். அந்த உழைப்பைத் தெரிந்த பிறகு என்னால் அலட்சியமாகப் பேச முடியவில்லை.

தேவதூதனின் கைக்கு வருகிறேன். அசல் கண்ணாடியில் மறுபடி தீட்டுவது எங்கள் தொழிலில் கூடாது. சுத்தம் செய்யுமுன் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து, மிக மெல்லிய நிறமற்ற கண்ணாடியில் மூன்று கணுக்களையும் வரைந்து சுட்டேன். பதினோராவது முயற்சியில்தான் அம்மையார் தலையசைத்தார். அதை அசல் துண்டுக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே ஈயப் பட்டையில் பிடித்தோம். நாளை யாரேனும் என் கோடு தப்பென்று நினைத்தால் அதை மட்டும் கழற்றிவிடலாம்.

ஜன்னலைத் திரும்ப மாட்டிய அன்று ஆலய நடுப்பாதையில் நின்று பார்த்தேன். கை முழுசாக இருந்தது. தூண் பக்கம் நகர்ந்து சாய்வாகப் பார்த்தால் மட்டும், அந்த மூன்று கோடுகள் விரலைவிட்டு ஒரு மயிரிழை விலகித் தெரிகின்றன.