ஒன்பது மூக்குக்குத்தலும் ஒரு பூஃபும்

போன ஞாயிற்றுக்கிழமை என் கயாக் படகு முதல்முறையாக ஓடையில் தண்ணீர் விழும் அந்தப் பாறைப் படியிலிருந்து ‘டப்’ என்று தட்டையாக விழுந்தது. இப்படி விழுவதற்குத்தான் பூஃப் என்று பெயர். அதற்கு முன் இந்தப் பருவத்தில் ஒன்பது தடவை மூக்குக் குத்தியிருக்கிறது, அதாவது முனை தொங்கித் தண்ணீருக்குள் பாய்ந்திருக்கிறது. எண்ணி வைத்திருக்கிறேன்.

இடம் கோழிக்கோடு மாவட்டம், கோடஞ்சேரிக்கு மேலே சாலிப்புழை ஆற்றில் வந்து சேரும் ஒரு காட்டோடை. 2013-இல் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்ற கயாக் போட்டி விழா தொடங்கியதிலிருந்து சாலிப்புழையும் இருவஞ்ஞிப்புழையும் கயாக் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். போட்டி நடக்கும் புலிக்கயத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இது அந்தக் கூட்டம் எட்டிப் பார்க்காத ஓடை. மலையாளத்தில் ஓடைக்குத் ‘தோடு’ என்று பெயர். தோடு தேடிப் போனவன் மூக்குத்தியோடு வந்தான் என்று உடன் வரும் நண்பன் இரண்டு மாதமாக ஓட்டுகிறான்.

மேல்பகுதி சுமார்தான். பாறை, எடி (பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி அமைதியாக நிற்கும் இடம்), பாறை, எடி. அட்டைக்கடி கணக்கில் வராது. பிறகு இரண்டு பக்கமும் கரும்பாறை நெருங்கி இடுக்காகிறது. ஓரிடத்தில் என் 197 செ.மீ. துடுப்பைக் குறுக்கே பிடிக்க முடியாது, நெடுக்காகத் திருப்பிக்கொண்டு நழுவ வேண்டும். இடுக்கு முடிகிற வாயில்தான் அந்தப் படி. உயரம் ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் தண்ணீர் முழுவதும் இடது சுவரில் போய் மோதி, கீழே ஒரு ஹோலில் (விழுந்த தண்ணீர் திரும்பி மடங்கிப் படகைப் பிடித்துவைக்கும் குழி) உருண்டுகொண்டே இருக்கிறது. தப்பிக்கிற இடம் வலதுபக்க எடி. அதாவது படகு வலப்பக்கம் திரும்பியபடி பறக்க வேண்டும், கடைசித் துடுப்பு இடப்பக்கம் விழ வேண்டும். அந்த இடப்பக்கத்தில்தான் சுவர் முழங்கையை உரசுகிறது.

என் துடுப்பில் இரண்டு முனை அலகுகளுக்கும் இடையே 30 டிகிரி முறுக்கு, அதைத் திருப்பும் பிடி வலக்கையில். இடது அலகைப் போடும்போது வலது மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்க வேண்டும். சமதண்ணீரில் இதை யோசிப்பதே இல்லை. சுவர் பக்கத்தில் வந்ததும் பயத்தில் மணிக்கட்டு மடங்க மறுக்கிறது. அலகு கத்தி மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்விடும். இழுத்தேன் என்று நான் நினைப்பேன், படகுக்கு ஒன்றுமே போய்ச் சேர்ந்திருக்காது. முதல் நான்கு மூக்குக்குத்தல் இந்தக் கணக்கு.

மீதி ஐந்தும் அவசரம். நண்பன் த்ரோ பேக்கோடு (மீட்புக் கயிற்றுப் பை) நிற்கும் பாறையிலிருந்து எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. படியின் விளிம்புக்கு ஒரு முழம் முன்பே இழுத்து முடித்துவிடுகிறேன். விளிம்புக்கு வரும்போது கையில் எதுவும் மிச்சம் இல்லை, மூக்கு தொங்குகிறது, படகு பென்சில் மாதிரி உள்ளே போகிறது, அப்புறம் ஹோல் பின்பக்கத்தைப் பிடித்து நிமிர்த்தி மல்லாக்கத் தள்ளுகிறது. ஐந்தில் மூன்று தடவை ரோல் வந்தது, அதாவது கவிழ்ந்த படகை உட்கார்ந்தபடியே நிமிர்த்திவிட்டேன். இரண்டு தடவை வெளியே வந்து நீந்தினேன்.

நான் அதுவரை செய்ததெல்லாம் இன்னும் பலமாக இழுப்பது. பலத்தில் ஒன்றும் இல்லை என்று வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து துடைப்பக்கட்டையை வைத்துப் பழகியபோதுதான் உறைத்தது. (அம்மா எதுவும் கேட்கவில்லை. ஸ்டூலை மட்டும் கண்ணாடி அலமாரியிலிருந்து நகர்த்தி வைத்தார்.) அலகு விளிம்பைத் தாண்டி விழுகிற தண்ணீரில் ஊன்ற வேண்டும். அதுவும் செங்குத்தாக, படகை ஒட்டி. அப்படிப் போட்டால் சுவரும் இடிக்காது. கை இழுப்பதற்குள் இடுப்பு முன்னே போய்விட வேண்டும். விழும்போது உடம்பு முன்னே குனிந்திருக்க வேண்டும். மல்லாந்தபடி தட்டையாக விழுந்தால் முதுகெலும்புக்கு ஆகாது.

ஞாயிறு அன்று விளிம்பு வரை துடுப்பைக் காற்றில் வைத்துக்கொண்டு மனதுக்குள் “பொறு, பொறு” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஊன்றினேன். டப். வலது எடியில் தலைகூட நனையாமல் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் வழி கேட்டுப் போகும் பாக்குத் தோட்டத்துச் சேட்டன் பாலத்திலிருந்து கைதட்டினார். ஒன்பதையும் பார்த்தவர் அவர்.

சாமான் விஷயம் ஒன்று. இடுப்பைச் சுற்றிக் கட்டிப் படகின் வாயை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை ஆன்லைனில் வாங்கினேன், ஒரு அளவு பெரிதாக வந்தது. மாற்றித் தரக் கேட்டதற்கு, இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று பதில். ஏழாவது தடவை ஹோலில் அது உள்வாங்கிப் படகு நிறையத் தண்ணீர். கடை பெயர் வேண்டாம், பி.பி. ஏறுகிறது. படகு ரிஷிகேஷில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, அடியில் ஒரு விரல் நீளம் விரிசல். கோவையில் தண்ணீர் டேங்க் வெல்டிங் செய்கிறவரிடம் கொண்டு போனேன். இரண்டும் பாலிஎதிலின்தானே. ஆனால் கிராஸ்லிங்க் வகைப் பிளாஸ்டிக் என்றால் வெல்டிங் பிடிக்காது, கொண்டு போகும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். என்னுடையது சாதா லீனியர், பிடித்துக்கொண்டது. ஒட்டு இன்னும் அசையவில்லை. இது படகா டேங்கா என்று வெல்டிங்காரர் கேட்டுச் சிரித்தார்.

அக்டோபரில் மேகாலயா போய் உம்ட்ரூ ஆற்றைப் பார்க்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. ரயிலில் படகை ஏற்றுவது எப்படி என்பதே தனிக் கதை.

அதற்கு முன் இங்கே பாக்கி இருக்கிறது. இந்தப் படிக்குக் கீழே நூறு அடியில் இரண்டாவது படி. அதில் மழையில் சாய்ந்த மரம் ஒன்று குறுக்கே அடைத்துக் கிடக்கிறது, தண்ணீர் கிளைகளுக்குள் வடிகட்டிப் போகிறது. இதுவரை ஒவ்வொரு தடவையும் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு பாறைமேல் சுற்றித்தான் போயிருக்கிறோம். சேட்டன் கைரம்பம் தருகிறேன் என்றிருக்கிறார். தண்ணீர் நடைபாலத்தின் மூன்றாவது படிக்கட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அறுக்க முடியும். 2024 ஜூலை 30-இல் மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டு முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நடந்த நிலச்சரிவுக்குப் பிறகு, மேலே மேகம் கறுத்தாலே நாங்கள் படகை இறக்குவதில்லை. இப்போதைக்குக் காலையும் மாலையும் சேட்டனுக்கு ஒரு போன். நேற்று நான்காவது படிக்கட்டும் நனைந்திருக்கிறது என்றார்.