பதினொன்றரைக்குப் பிறந்த புத்தாண்டு

நம் பள்ளி முன்னாள் மாணவர் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயற்குழுவில் கேட்டபோது, "விளையாட்டுப் போட்டி, ஆண்டு விழா நாடகம், இப்படி ஏதாவது" என்றார்கள். அதற்கெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஓட்டப்பந்தயத்தில் கோட்டுக்கு வெளியே நின்று வினாடி குறித்தவன். நாடகத்தன்று திரைக்குப் பின்னால் சுவிட்சுகளுக்கு எண் எழுதி ஒட்டியவன். ஆகவே எனக்குத் தெரிந்த விஷயத்தையே எழுதுகிறேன். 1981 டிசம்பர் 31ஆம் தேதி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், அதாவது லயத்தில், இரவு 11.30 மணிக்குப் புத்தாண்டு பிறந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுவரை தீபகற்ப மலேசியா கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. சபாவும் சரவாக்கும் எட்டு மணி நேரம் முன்னால். நாடு முழுக்க ஒரே நேரமாக இருக்கட்டும் என்று, அன்றிரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12க்குத் தள்ளச் சொன்னார்கள். சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. எங்கள் பாட்டிக்கு இது இரண்டாவது தடவை. "ஜப்பான்காரன் ஒன்றரை மணி நேரத்த எடுத்தான். இவங்க அரை மணியோட விட்டாங்களே" என்றார். ஜப்பானியர் காலத்தில் டோக்கியோ நேரம் வந்ததைத்தான் சொல்கிறார். நான் உடனே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழரையிலிருந்து ஒன்பது. பாட்டி சொன்னது சரி.

ஊருக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். எனக்கோ ஒரு முழு நோட்டுப் புத்தகத்தின் கணக்கே மாறுகிற சமாசாரம்.

அந்த நோட்டைச் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். நீல அட்டை, நடுவில் ரப்பர் வளையம். எப்போதும் எதையாவது எழுதிக்கொண்டே இருந்ததால் எனக்குக் 'குட்டிக் கிராணி' என்று பெயர் வைத்தீர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்துக் கணக்கரான கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தோடு நிற்பாரே, அந்த மாதிரியாம். பட்டப்பெயர் வைத்தவர் இந்த மலரின் ஆசிரியர் குழுவிலேயே இருக்கிறார். படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

நோட்டில் இருந்தது சிற்றலை வானொலிக் கணக்கு. வீட்டில் ஒரு பழைய நேஷனல் டிரான்சிஸ்டர். மலேசிய வானொலியில் தமிழ்ப் பாட்டு கேட்க வாங்கியது. ஒருநாள் பொத்தானை மாற்றி அழுத்திவிட்டேன். விசில், கரகரப்பு, அதற்குள்ளிருந்து யாரோ தெரியாத பாஷையில் பேசினார்கள். அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிறுக்கு.

கேட்ட ஒவ்வொரு நிலையத்துக்கும் தேதி, கிரீன்விச் நேரம், அலைவரிசை, அப்புறம் ஐந்து இலக்கம் எழுதுவேன். அதற்குச் 'சின்போ' என்று பெயர். சிக்னலின் பலம், பக்கத்து நிலையத்தின் தொல்லை, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் 1லிருந்து 5 வரை மதிப்பெண். இதை ஒரு கடிதமாக எழுதி நிலையத்துக்கு அனுப்பினால், "ஆமாம், நீ கேட்டது எங்களைத்தான்" என்று உறுதி செய்து படம் போட்ட அட்டை ஒன்று அனுப்புவார்கள். என் முதல் அட்டை மணிலாவிலிருந்து, வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பிரிவிலிருந்து வந்தது. சுங்கை சிப்புட் தபால் நிலையத்து முத்திரையோடு அது வந்த நாளில் பெருமை தாங்காமல் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. அட்டை வகுப்பு முழுக்கக் காற்றில் பறந்தது.

அதை எடுத்து, தூசி தட்டி, என்னிடம் கொடுத்தவர் நம் ஆறாம் வகுப்பு வாத்தியார். பெயர் சொல்லாமலே தெரியும், அந்த மீசை. மறுநாள் ஒரு பழைய நில வரைபடப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். அட்டை கிழிந்தது, பாதி நாடுகள் இன்னும் வெள்ளைக்காரன் பெயரில் இருந்தன. "கேட்ட ஊரையெல்லாம் குறிச்சுக்கோ" என்றார். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் புத்தகத்தில் கண்டுபிடித்த ஒரு விஷயம் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறியும். சுங்கை சிப்புட்டில் நின்று பூமியை நேராகத் துளைத்துக்கொண்டே போனால், மறுபக்கம் ஈக்வடார், பெரு நாடுகளின் எல்லைப் பக்கம் வெளியே வரலாம். நமக்கு நேர் எதிரே கடல் இல்லை, மண்! ஈக்வடாரின் தலைநகர் கீத்தோவில் ஒரு வானொலி நிலையம் இருந்தது. அதைப் பிடிக்க ஐந்து மாதம் உட்கார்ந்தேன். பிடித்தும் விட்டேன், ஒரு நாள், நாலு நிமிடம். இதை லயத்துப் பையன்களிடம் சொன்னபோது "இவன் பூமிக்கு அடியில இருந்து பாட்டு கேட்கிறான்டா" என்று அடுத்த பட்டம் கிடைத்தது.

பி.பி.சி. கேட்பதில் எனக்கு மரியாதை கிடையாது. அது சிங்கப்பூர் கிராஞ்சியிலிருந்து அஞ்சலாகி வந்ததால் அடுத்த வீட்டு ஆள் பேசுகிற மாதிரிக் கேட்கும். எட்டாததைப் பிடிப்பதுதான் ருசி. அதற்கும் ராத்திரிதான் சரி. பகலில் வானத்தின் கீழ் அடுக்கு வெயில் பட்டு உருவாகி இந்த அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அது கலைந்துவிட, அலைகள் மேல் அடுக்கில் பட்டுத் தெறித்துத் தூரத்திலிருந்து வரும். எங்கள் தோட்டத்தில் இன்னொரு வசதி. பத்து மணிக்கு என்ஜினை நிறுத்திவிடுவார்கள். விளக்கு போய்விடும், கூடவே மின்சாரக் கம்பியின் இரைச்சலும் போய்விடும். அதற்கு மேல் நானும் பேட்டரியும் வானமும்தான்.

இதையெல்லாம் கேட்டால் நான் எந்நேரமும் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தவன் என்று தோன்றும். பாதி உண்மை. அந்த விடுமுறையில் நடந்தது ஒன்று. அப்பாவுக்கு ஒத்தாசையாகத் தீம்பாருக்கு, ரப்பர் மரங்கள் நிற்கும் காட்டுக்கு, போயிருந்தேன். மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு வரும் வேலை. காண்டாக் கம்பு தோளில், இரண்டு பக்கமும் வாளி. மண்டைக்குள் கிரீன்விச் நேரத்துக்காக ஏழரையைக் கழித்துக்கொண்டிருந்தேன். வேர் தடுக்கியது. ஒரு வாளி சாய்ந்து, பால் சருகுக்குள் ஓடி, நான் எழுந்து நிற்பதற்குள் மண் குடித்துவிட்டது.

அப்பா அடிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து அந்த வெள்ளைத் தடத்தைப் பார்த்தார். "அம்பது மரம்" என்றார். அப்புறம், "எங்கடா இருக்கே நீ?"

"இங்கதான்ப்பா."

"இங்க இல்ல."

அவர் சொல்லலாம். ஏனென்றால் அவர் அங்கே இருந்தார். அவர் பாலெடுக்க மரம் வெட்டுவதை நான் கிட்டத்தில் பார்த்தது அந்த விடுமுறையில்தான். தலையில் விளக்கு. இடது மேலிருந்து வலது கீழாக, 30 டிகிரி சாய்வில் ஒரே இழுப்பு. சீவின பட்டை ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆழம் போதாவிட்டால் பால் வராது, கொஞ்சம் கூடிவிட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய தோலில் காயம் பட்டு, மேலே வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். நானூற்றுச் சொச்சம் மரத்தில் எது எப்படி என்று அவருக்குத் தெரியும். "இது மழைக்கு அப்புறம் மூணு நாள் அழும். இது சோம்பேறி." அவர் மனசுக்குள் இருந்ததும் ஒரு நீல நோட்டுதான். யாரும் அவருக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை, அது வேலையாகிவிட்டதால்.

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்துவிடும். அட, என் அலைகளுக்கும் வெயில் ஆகாது என்று சொன்னேன். அவர் அதை யோசித்தது தெரிந்தது. பதில் சொல்லவில்லை.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். பழைய நேரம் 11.30 என்றால் கிரீன்விச்சில் சரியாக 16 மணி. அந்த நேரத்துக்கு பி.பி.சி. உலகச் சேவையில் மணிக்குறி ஒலிக்கும். ஐந்து குட்டி 'பிப்', ஆறாவது நீளமாக ஒன்று. அந்த ஆறாவது தொடங்கும் கணத்தில்தான் நம் நாட்டில் நேரம் மாறுகிறது! கடிகாரம் அரை மணி தாவுவதைக் காதால் கேட்கலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எட்டரைக்கே படுத்துவிடுகிறவர், எழுந்து வந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

மண்ணெண்ணெய் விளக்கு. டயலில் சின்ன வெளிச்சம்கூடக் கிடையாது அந்த ரேடியோவில். அவர் முழங்கையிலிருந்து ரப்பர் பால் வாடை. பிப், பிப், பிப், பிப், பிப். நீளமாக ஒன்று.

"அவ்வளவுதானா?" என்றார்.

நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது, பார்த்தே சொல்கிறேன்: 31.12.81, 1600, 55444. நிமிர்ந்தபோது அப்பா வாசலில் நின்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மரத்துக்கு மணி தெரியாதே" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். அந்த நீளமான ஒலியின்போது அவர் முகம் எப்படி இருந்தது? பக்கத்தில் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. நான் பார்க்கவில்லை.

ஜனவரியில் புகுமுக வகுப்பு தொடங்கியது, தமிழ்ப் பள்ளியிலிருந்து வருகிறவர்கள் படிவம் ஒன்றுக்கு முன் படிக்கும் ஓராண்டு. நோட்டைச் சட்டைக்குள் ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் வளர்ந்து, படிவம் மூன்றில், மாமா ஒரு கேசட் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்தார். அதோடு கெட்டது குடி. அதுவரை ஒரு நிலையத்தின் பெயரைச் சொல்கிற பத்து வினாடிக்காக மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அலை இறங்கிவிட்டால் போச்சு, திரும்ப வராது. கேசட் வந்ததும், பதிவாகிறது, அப்புறம் கேட்டுக்கலாம் என்று வெளியே போய்விடுவேன். நாற்பது கேசட் சேர்ந்தது. ஐந்தைக்கூடத் திரும்பக் கேட்டதில்லை.

புத்தி வந்ததா என்றால், அதுவும் இல்லை. நான் முதன்முதலில் கூக்கபரா பறவையின் சிரிப்பைக் கேட்டது அந்த லயத்தில்தான், ஆஸ்திரேலிய வானொலியின் அடையாள ஒலியாக. இப்போது இருப்பது பெர்த் நகரில். நம் ஊரும் இதுவும் ஒரே நேரம், கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். கூக்கபரா வேலியிலேயே வந்து உட்கார்ந்து சிரிக்கிறது. (இந்தப் பக்கத்துப் பறவையே இல்லை அது. கிழக்கிலிருந்து கொண்டுவந்து விட்டது.) அந்த வானொலி சிற்றலையை நிறுத்தியது 2017 ஜனவரி 31 அன்று. கடைசி நாள் என்று தெரிந்தும், வேலை இருக்கிறதே என்று கணினியில் பதிவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்தக் கோப்பை இதுவரை திறக்கவில்லை.

தோட்டத்தில் இப்போது கித்தா என்கிற ரப்பர் மரம் இல்லை, செம்பனை. அப்பாவும் இல்லை.

என் மகளுக்கு வயது பதினைந்து. பாசி பிடித்த சுவரைக் கண்டால் பூதக்கண்ணாடியோடு நின்றுவிடுவாள். பள்ளியில் கேலி செய்வார்களா என்று கவலையாகக் கேட்டேன். "நான் நேர்டுதான்ப்பா, எல்லாருக்கும் தெரியும்" என்றாள், நம் காலத்தில் 'நான் ஃபுட்பால் டீம்' என்று சொல்வார்களே, அந்தக் குரலில். போன வாரம் நீல நோட்டைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து இலக்கத்தையும் அரை மணியில் புரிந்துகொண்டாள். தமிழ் எழுத்து மட்டும் தடுமாற்றம். "மூணாவது கட்டம் இரைச்சல்தானே? அங்க மட்டும் ஏன் தமிழ்ல எழுதியிருக்கீங்க? நிறையப் பக்கத்துல ஒரே வரி இருக்கு."

படித்துக் காட்டினேன். "இரைச்சல் 3. அப்பா உளி தீட்டுகிறார்."

வானத்தின் இரைச்சலைத்தான் அங்கே எழுத வேண்டும், வீட்டு இரைச்சலை எழுதக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. தப்பு என்று அவளே சொன்னாள். அப்புறம், "உளி எதுக்கு?" என்றாள். மேசைக் காலை மரமாக வைத்துக்கொண்டு, கரண்டிக் காம்பால் இடது மேலிருந்து வலது கீழாக இழுத்துக் காட்டினேன். 30 டிகிரி சாய்வு இருக்கணும் என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய், பாகைமானியோடு திரும்பி வந்தாள்.