அம்மனுக்கு எந்தப் பச்சை?

என் அப்பா மேலூரில் போர்டு எழுதியவர். கடைப் பெயர், சுவர் விளம்பரம், லாரியின் முதுகில் தாமரை, சைக்கிள் கடைக்கு ஆஞ்சநேயர், பூக்கடைக்கு மீனாட்சி என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கை படாத கடைத்தெரு எங்கள் ஊரில் இல்லை. ஃபிளெக்ஸ் வந்ததும் தொழில் போயிற்று. தூரிகைகளை மட்டும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி, இன்றும் வைத்திருக்கிறார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வீட்டுப் பூஜை அறைக்காக ஒரு மீனாட்சி வரைந்தார். இரண்டடிப் பலகையில் எனாமல் பெயின்ட். கொண்டை, மூக்குத்தி, வலக்கையில் பூச்செண்டும் கிளியும் எல்லாம் அளவாக அமைந்திருந்தன. அம்மன்தான் நீலமாக இருந்தாள்.

“கிருஷ்ணர் புடவை கட்டின மாதிரி இருக்கிறதே” என்று அம்மா அடுக்களையில் என் காதோடு சொன்னாள். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. தொழில் போன மனிதரிடம் நிறம் தப்பு என்று எப்படிச் சொல்வது? மூன்று ஆண்டுகளாக நீல மீனாட்சிக்கே சூடம் காட்டினோம்.

இந்த ஐப்பசியில் அப்பாவுக்கு இடது கண்ணில் கண்புரை அறுவை நடந்தது. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளித்துப் பழுப்பேறிவிடும். உள்ளே வரும் நீலத்தை அது தின்றுவிடும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பச்சை கலக்கும் ஆள் என்ன செய்வார்? போதவில்லை, போதவில்லை என்று நீலத்தைக் கூட்டிக்கொண்டே போவார். அறுவைக்கு முன்பு மருத்துவர் இதை விளக்கியபோதுதான் பூஜை அறை மர்மம் எனக்கு விளங்கியது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அப்பா, செருப்பைக் கழற்றிய கையோடு பூஜை அறை வாசலில் நின்றார். வெகுநேரம் நின்றார்.

“இவள் ஏன் நீலமாக இருக்கிறாள்? மூன்று வருடமாக உங்கள் ஒருவருக்கும் கண் இல்லையா?”

அம்மா பதில் சொல்லாமல் வெள்ளிக் கண்மலர் நேர்ந்திருப்பதை நினைவுபடுத்தினாள். அப்படியாக கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமை மூவரும் மதுரைக்குக் கிளம்பினோம். அம்மாவுக்குக் கண்மலர் காணிக்கை. அப்பாவுக்கு நிறம் பார்த்து வருவது. எனக்கு இருவரையும் பத்திரமாகக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது.

புதன்கிழமையைத் தேர்ந்தவள் அம்மா. புதனுக்குப் பச்சை நிறம், மரகதக் கல், பச்சைப் பயறு. மதுரை புதனுக்குரிய தலம் என்பார்கள். மரகதவல்லி என்றும் பச்சைத்தேவி என்றும் பெயர் பெற்றவள் வீட்டுக்குப் புதன்கிழமை போவதுதான் முறை என்பது அவள் கணக்கு. புதன்கிழமை கூட்டம் கொஞ்சம் குறைவு என்பது என் கணக்கு. பலன் ஒன்றுதான்.

மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் போகும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்து நடவு முடிந்திருந்தது. அவர் ஒரு கண்ணை மூடுவார், வயலைப் பார்ப்பார். மறு கண்ணை மூடுவார், அதே வயலைப் பார்ப்பார். வலது கண்ணில் இன்னும் புரை இருக்கிறது. “இந்தக் கண்ணில் காய்ந்த வைக்கோல். இந்தக் கண்ணில் நாற்று” என்று அதிசயித்தார். எதிர் இருக்கைப் பெண்மணி இந்தக் கண்சிமிட்டலைத் தவறாக எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா அவசரமாக அறுவை விவரத்தைச் சொல்லிச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

அப்பாவிடம் பச்சை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கிளிப்பச்சையா, இலைப்பச்சையா, பாசிப்பச்சையா, பாட்டில் பச்சையா, ஜவுளிக்கடையில் சொல்லும் ராமர் பச்சையா என்பார். ராமர் பச்சையில் நீலம் பாதி இருக்கும். தென்னாட்டுப் படங்களில் ராமனைப் பச்சையாகவும் தீட்டுவார்கள், நீலமாகவும் தீட்டுவார்கள். அந்தத் தடுமாற்றம் புடவைக்குப் பெயராகிவிட்டது. பெருமாளுக்கும் அப்படித்தான். கார்மேனி, நீலமேனி, பச்சைமேனி என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். காஞ்சிபுரத்தில் பச்சைவண்ணர் என்றே பெருமாளுக்குக் கோயில் இருக்கிறது. கருமையும் நீலமும் பச்சையும் நம் பக்தியில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தவை. சியாமளா என்ற வடமொழிப் பெயரும் கருமைக்கும் கரும்பச்சைக்கும் நடுவே எங்கேயோ நிற்கிறது. மீனாட்சியை ராஜசியாமளை என்று வழிபடுபவர்கள் மதுரையில் உண்டு. கையில் கிளி ஏந்திய பச்சை நிறத்தாள் என்பதே அந்தத் தேவியின் அடையாளம்.

இதைச் சொல்லி அப்பாவைத் தேற்றப் பார்த்தேன். “நீலமும் தப்பில்லை அப்பா” என்றேன்.

“பெருமாளுக்குத் தப்பில்லை. இவள் பச்சை.”

அழகர்கோயிலுக்குப் பிரியும் சாலையைக் கடந்தபோது அவருக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது. சித்திரையில் அழகர் எந்தப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்று பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பச்சைப் பட்டு என்றால் மழையும் விளைச்சலும். சிவப்பு என்றால் பெரியவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். குதிரை வாகனத்து அழகரை எத்தனையோ கடைகளுக்கு அப்பா எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு அவர் எதை உடுத்தியிருந்தாலும் அப்பா பச்சையைத்தான் தீட்டுவார். “நம் போர்டில் எல்லா வருடமும் மழைதான்” என்றார்.

தமிழில் பச்சை நிறத்தின் பெயர் மட்டுமில்லை. பச்சைக் குழந்தை, பச்சைத் தண்ணீர், பச்சைப் பால், பச்சை மண் என்பதில் எல்லாம் நிறம் எங்கே இருக்கிறது? வேகாதது, காயாதது, சுடாதது, ஈரம் போகாதது எல்லாம் பச்சை. பச்சைப் பொய்யில் ஈரம் எங்கே என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் யாகத் தீயிலிருந்து வந்தவளைப் பச்சை என்று சொல்வது எனக்கு எப்போதும் வியப்பு. மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் பிள்ளை வேண்டி வளர்த்த வேள்வியில் மூன்று வயதுக் குழந்தையாக எழுந்தவள் அவள். நெருப்பில் வந்தும் வேகாதவள்!

சித்திரை வீதியில் கைபேசியையும் செருப்பையும் ஒப்படைத்தோம். 2018இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு உள்ளே கைபேசிக்கு அனுமதி இல்லை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. படம் எடுத்திருந்தால் அப்பா அதை வைத்துக்கொண்டே நிறம் கலப்பார். கைபேசி காட்டும் பச்சையைப் போல ஏமாற்றுப் பச்சை வேறில்லை.

அஷ்டசக்தி மண்டபத்துக்குள் நுழைந்ததுமே அவர் தொழில் தொடங்கிவிட்டது. சுதைச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்து, “டப்பாவைத் திறந்து அப்படியே பூசியிருக்கிறார்கள்” என்றார். பச்சை டப்பாவில் வரும் பச்சையை அவர் சாமிக்குப் பூசியதே இல்லை. மஞ்சளும் நீலமும் தனித்தனியே எடுத்து, ஓட்டில் வைத்துக் குழைத்து, கருப்பு ஒரு சொட்டு விட்டால்தான் மேனிக்கு உயிர் வரும் என்பார். பழைய ஓவியர்களுக்கும் இந்த வழி தெரியும். இயற்கையாகக் கிடைக்கும் பச்சை மண்ணை அரைத்துப் பூசுவது ஒரு முறை. சித்தன்னவாசல் ஓவியத்துப் பச்சை அந்த மண்தான். அவுரி நீலத்தோடு மஞ்சளைக் கலப்பது இன்னொரு முறை. கலப்புப் பச்சையில் ஓர் ஆபத்து உண்டு. மஞ்சள் முதலில் வெளிறிவிட்டால் இலை நீலமாகிவிடும். காலத்துக்கும் கண்புரை வரும் போலிருக்கிறது.

பொற்றாமரைக் குளத்தின் மேற்குக் கரையில், ஊஞ்சல் மண்டபத்தின் பக்கம், ராணி மங்கம்மாள் காலத்து விதான ஓவியம் இருக்கிறது. 1689 முதல் 1706 வரை பேரனுக்காக மதுரையை ஆண்டவர் அவர். திருக்கல்யாணக் காட்சியும் மங்கம்மாளின் உருவமும் அங்கே இருப்பதாக அப்பாவுக்கு அவருடைய குருநாதர் சிறுவயதிலேயே காட்டியிருக்கிறார். கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தோம். புகையும் ஈரமும் குடித்த நிறங்கள். அப்பா வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் துழாவினார். என்னால் செம்மண் நிறத்தையும் ஒரு கருமையையும்தான் பிரிக்க முடிந்தது. “அது கருமை இல்லை. அடியில் பச்சை இருக்கிறது” என்றார். தொழிலாளி சொன்னால் நம்ப வேண்டியதுதான்.

கிளிக்கூட்டு மண்டபத்தில் முன்பு கூண்டுகளில் கிளிகள் இருந்து “மீனாட்சி, மீனாட்சி” என்று சொல்லுமாம். அம்மாவுக்கு அது நினைவிருக்கிறது. நாம் சொல்லும் குறையை அம்மன் காதில் கிளி திரும்பச் சொல்லும் என்பது நம்பிக்கை. அதனால் கிளியைப் பார்த்துத்தான் வேண்டிக்கொள்வாளாம். இப்போது கூண்டும் இல்லை, கிளியும் இல்லை. அந்த இடத்தில் வரிசை நகர்ந்தது.

இலவச வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். எங்களுக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய். குழந்தை அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைப் பறிக்கப் பார்த்துக்கொண்டே வந்தது. மல்லிகையும் மரிக்கொழுந்தும் வியர்வையும் எண்ணெயும் கலந்த வாசனை. கருவறை நெருங்க நெருங்க அப்பா பேச்சை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார்.

பட்டர் தீபம் காட்டினார். அரக்குக் கரை போட்ட பச்சைப் பட்டு, முழங்கால் வரை மாலை, வைர மூக்குத்தியின் ஒரு பொறி. அதற்கு நடுவே முகம். மரகதக் கல் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த திருமேனி. நான் பார்த்தது கருமை. எண்ணெய் பூசிய, விளக்கை விழுங்கிய, கனிந்த கருமை. நான்கு எண்ணுவதற்குள் “நகருங்கள், நகருங்கள்” என்ற குரல் வந்து எங்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று. தூக்கிய கையைக் கீழே இறக்காமலேயே அம்மா நகர்ந்தாள். அப்பா இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருந்தார். எந்தக் கண்ணையும் மூடிச் சோதிக்கவில்லை. கன்னம் ஈரமாக இருந்தது. அறுவை செய்த கண்ணில் நீர் வரும், பயப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வலது கண்ணிலும் வந்திருந்தது.

அம்மா கண்மலரை உண்டியலில் போட்டாள். பச்சைத்தேவியின் பிரசாதமாகக் கையில் வந்தது சிவப்புக் குங்குமம், தாழம்பூ மணத்தோடு.

சுந்தரேசுவரரை வணங்கிவிட்டு, கம்பத்தடி மண்டபத்தில் திருக்கல்யாணச் சிற்பத்தின் முன்னே நின்றோம். திருமால் தாரை வார்க்கிறார், சிவன் கரம் பற்றுகிறார், நடுவில் அவள் தலை சற்றே கவிழ்ந்திருக்கிறாள். ஓவியர்கள் இந்த மூவரையும் நிறத்தால் பிரிப்பார்கள். சிற்பிக்கு அந்த வசதி இல்லை. ஒரே கல். அப்பா அந்தக் கவிழ்ந்த கழுத்தை விரலால் காற்றில் வரைந்து பார்த்தார்.

வெளியே வந்து குளக்கரைப் படியில் உட்கார்ந்தபோது, அம்மாதான் பயந்து பயந்து கேட்டாள். “நிறம் தெரிந்ததா?”

“கருப்பாகத்தான் தெரிந்தாள்.”

நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். எண்ணெய் விளக்கின் ஒளியில் மஞ்சளும் சிவப்பும்தான் மிகுதி, கரும்பச்சைக் கல் அதில் கருப்பாகத்தான் தெரியும் என்று. அப்பா கையமர்த்தினார். எனக்கு முன்பே அவருக்கு அது தெரியும். இரவு வேலையில் டியூப் லைட்டுக்கும் குண்டு பல்புக்கும் எத்தனை போர்டுகள் நிறம் மாறிப் போயிருக்கின்றன!

“உத்தரகோசமங்கையில் மட்டும் என்ன?” என்றாள் அம்மா. “மரகத நடராஜர் என்று பெயர். ஆண்டு முழுதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். மார்கழித் திருவாதிரையின்போதுதானே களைகிறார்கள்?” ஒரு முறை அந்தக் கூட்டத்தில் சிக்கி, யாரோ ஒருவருடைய தோளை மட்டும் தரிசித்துத் திரும்பியவள் அவள். அந்தத் தரிசனத்தையும் அவள் கணக்கில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறாள்.

அம்மன் சன்னிதித் தெருவில் மரிக்கொழுந்து வாங்கினோம். அப்பா ஒரு கொத்தை எடுத்து வெயிலில் பிடித்தார், நிழலில் பிடித்தார். கடைக்காரப் பெண் “முகர்ந்து பாருங்கள் ஐயா, கண்ணால் பார்த்தால் வாசனை வருமா?” என்றார். அப்பா சிரித்துக்கொண்டே இரண்டு கொத்துக்குக் காசு கொடுத்தார்.

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. பரணிலிருந்து மஞ்சள் டப்பாவை இறக்கச் சொன்னார். இறக்கினேன். மூடி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. திருப்புளியால் நெம்பித் திறந்தால் மேலே ஆடை கட்டியிருந்தது. அடியில் நல்ல பெயின்ட். அதற்குள் மின்சாரம் போயிற்று. அம்மா பூஜை அறையில் குத்துவிளக்கை ஏற்றி, மரிக்கொழுந்தைப் பலகையின் மேல் சாத்தினாள்.

அப்பா தூரிகையோடு வாசற்படியில் நின்றார். விளக்கு ஒளியில் பலகையில் நீலம் இல்லை. காலையில் நான்கு எண்ணும் நேரத்தில் பார்த்த அதே கருமை. கிளி மட்டும் சற்றே வெளிறி நின்றது.

“டப்பாவை மூடிவிடு” என்றார். “தை மாதம் வலது கண்ணும் ஆகட்டும்.”

மூடி சரியாகப் பொருந்தவில்லை. செய்தித்தாளைச் சுற்றி, நூல் கட்டி வைத்தேன்.