சீடியாவுக்குப் பின்பக்க ஸ்டெபிலைசர் பார்: இடது லிங்க் நட்டோடு மல்லுக்கட்டு

வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார். அதன் இரு முனையையும் சஸ்பென்ஷனோடு கோர்க்கும் சின்னத் தண்டுதான் லிங்க். பழைய பார் ஒருவழியாகக் கழன்றுவிட்டது. புதியது முழுதாக ஏறவில்லை. ஆனாலும் அந்த இடது லிங்க் நட்டைப் பற்றி இப்போதே எழுதாவிட்டால் ஆத்திரம் அடங்காது.

வண்டி 2007 மிட்சுபிஷி சீடியா கார். இந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையில் பிறந்து, பேரணாம்பட்டில் என்னிடம் வந்து சேர்ந்தது. பத்தலப்பல்லி மலைப்பாதையில் வி.கோட்டா போகிறவர்களுக்குத் தெரியும், வளைவில் கொஞ்சம் வேகம் கூடினால் இந்த முன்சக்கர இழுவை வண்டிகள் எல்லாம் மூக்கை வெளிப்பக்கமே நீட்டும். பின்பக்க விறைப்பைக் கூட்டினால் சாய்வு குறையும். வளைவில் இடம் மாறும் சுமையில் பெரும்பங்கைப் பின்சக்கரங்கள் வாங்கிக்கொள்ள, முன் டயருக்குப் பிடி மிஞ்சும். பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 16 மில்லிமீட்டரிலிருந்து 19க்குப் போனாலே ஏறக்குறைய 2 மடங்கு. "இதைவிடத் தடியா கிடைக்கலையா?" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். பின்பக்கம் அளவுக்கு மீறி விறைத்து, மழையில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை விட்டதும் வால் சுழலும் வண்டி எனக்கு வேண்டாம்.

சரி, நட்டு. பாரைச் சுற்றி உட்காரும் டி வடிவ மெத்தைதான் டி புஷ்; அதை வண்டியோடு பிடிக்கும் பிராக்கெட் போல்ட்டுகள் சமர்த்தாக வந்தன. வலது லிங்க் கொஞ்சம் முனகிவிட்டு விட்டது. இடதில் நட்டைத் திருப்பினால் லிங்க் முனை மூட்டின் உள்ளே இருக்கும் பந்தும் கூடவே சுற்றுகிறது. அதைப் பிடித்துக்கொள்ளத்தான் மரை முனையில் ஆலன் கீ (அறுகோணச் சாவி) துளை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளையோ துருவும் மண்ணும் அடைத்துக் கிடந்தது. ஊசியால் குடைந்து, கம்பி பிரஷ் போட்டு, துரு எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் ஆலன் கீயைச் செருகி அழுத்தியதும் அறுகோணம் வழுக்கி வட்டமாகிவிட்டது. ரப்பர் உறைக்குப் பின்னால் வைஸ் கிரிப் (கடித்துப் பூட்டிக்கொள்ளும் இடுக்கி) வைத்துப் பிடித்தால் அதுவும் நழுவுகிறது.

நமக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் பாய் வந்து எட்டிப் பார்த்து, "அதோட என்ன சண்டை தம்பி? கிரைண்டர்ல வெட்டிப் போடு" என்றார். பெட்ரோல் டாங்க் பக்கத்திலேயே இருக்கிறது பாய் என்றேன். கேஸ் விளக்கில் சூடு காட்டும் யோசனையும் அதே காரணத்தால் போச்சு. கடைசியில் ஃபிரேம் இல்லாத ஆக்சா பிளேடுதான். ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு, மல்லாந்து படுத்தபடி விரற்கடை நீளத்துக்கு முன்னும் பின்னும் இழுத்து அறுத்தேன். இரும்புத்தூள் எல்லாம் முகத்தில்தான் விழும். கண்ணாடி போடாமல் யாரும் இறங்காதீர்கள்.

அறுத்த லிங்க் இனி குப்பைக்கு. புதுசு வரும்வரை பின் பார் இல்லாமலே மெதுவாக ஒருமுறை வி.கோட்டா போய் வந்தேன். வளைவில் வண்டி சாய்ந்து திரும்ப நிமிர எடுக்கும் நேரத்தைப் பார்த்தபோதுதான், அந்த ஒல்லிக் கம்பி இத்தனை நாள் எவ்வளவு வேலை பார்த்திருக்கிறது என்று தெரிந்தது.

லிங்க்குக்கு முதலில் புதுப்பேட்டையில் விசாரித்தேன். பழைய பார் கிடைக்கும், ஆனால் கூட வரும் லிங்க்கில் பந்து ஆடும். அது தண்டச் செலவு. சென்னை ஜி.பி. ரோடில் ஒரு கடையில் புதுசுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னொரு கடைக்காரர் பாரிலேயே காது வைத்து வெல்டிங் அடித்துத் தருவதாகச் சொன்னார். ஸ்பிரிங் ஸ்டீலில் வெல்டிங் சூடு பட்டால் பதம் போய் அந்த இடத்திலேயே முறியும். கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

இதற்கிடையில் புது பாரை டி புஷ்ஷில் உட்கார வைத்தாயிற்று. பாலியூரித்தேன் புஷ் என்பதால் உள்பக்கம் சிலிக்கான் கிரீஸ் தாராளமாகப் போட்டேன். சாதா கிரீஸ் சீக்கிரம் கழுவிக்கொண்டு போய் ஒவ்வொரு வேகத்தடையிலும் கீச்சென்று கத்த விடும். லிங்க் மாட்டும்போது பின்சக்கரம் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி கொடுத்தால் பார் முறுக்கிக்கொள்ளும், துளை நேருக்கு வரவே வராது.

அதுவரை கை சும்மா இருக்குமா? முன்சக்கர ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே வண்டியோடு பிடிக்கும் டாப் மவுண்ட், ஸ்டியரிங் திருப்பும்போது டக்கென்று சத்தம் போடுகிறது. அதை இறக்கிப் பார்க்க, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். ஆம்பூர், குடியாத்தம் பக்கம் யாரிடமாவது நல்லதாக ஒன்று இருந்தால் சொல்லுங்கள், வாடகை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.